கேட்டது யார்?

மாமல்லபுரத்து ஐந்து இரதங்களுள் வடகோடியில் நிற்பது உருவில் மிகச் சிறியது. ஓலை வேய்ந்த குடிசை ஒன்றைக் கல்லிலே கண்டதுபோல் இருக்கும். திரௌபதி இரதம் என்று அதற்குப் பெயர் சூட்டியது பிற்காலம். பாண்டவர் மனைவிக்கும் அந்தப் பாறைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உள்ளே நிற்பவள் கொற்றவை. 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி அவள் காலடியில் இரு மனிதரை மண்டியிட வைத்திருக்கிறான். அவர்களுள் ஒருவன் தன் தலைமயிரைத் தானே பற்றிக்கொண்டு, தன் கழுத்தைத் தானே அரியத் துணிந்திருக்கிறான். முடியைத்தான் களைகிறான் என்று சொல்வாரும் உளர். தலைப்பலி என்பதே ஆராய்ச்சியாளர் பெரும்பாலோரின் முடிவு.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியே என் வகுப்பு மாணவர்களை அங்கு அழைத்துச் சென்றிருந்தேன். அரசன் பெயர் சொன்னேன், ஆண்டு சொன்னேன், கல்லைக் கனிவித்த கைகளின் திறன் சொன்னேன். எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கையை உயர்த்தினான்.

"ஐயா, அவர் ஏன் தம் தலையை அறுத்துக்கொள்கிறார்?"

"கொற்றவைக்குப் பலியிடுகிறார், தம்பி."

"அதை அவரிடம் கேட்டது யார், ஐயா?"

பட்டம் பெற்றவன் நான். பாடம் நடத்துபவன் நான். ஆயினும் அந்தப் பிள்ளையின் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. பேருந்து ஏறி ஊர் திரும்பும் வரை அந்த ஒரு கேள்வியே என்னுடன் பயணம் செய்தது. தோழர்களே, அந்தக் கேள்வியை உங்கள் முன் வைக்கவே இந்தக் கட்டுரை.

பலி என்ற சொல்லை முதலில் பார்ப்போம். இன்று அதைக் கேட்டவுடன் கத்தியும் குருதியும் நம் கண்முன் வருகின்றன. பழைய வழக்கில் பலி என்பது படையல்; தெய்வத்தின் முன் வைக்கும் சோறும் அதுவே. வடமொழியிலோ அதற்கு இன்னொரு பொருளும் உண்டு: குடிமகன் கோமகனுக்குக் கட்டும் வரி! கோயிலில் வைப்பதும் பலி, கொற்றவனுக்குக் கட்டுவதும் பலி. ஒரே சொல் இரண்டு வாயில்களிலும் நிற்கிறது. ஆகவே பலிபீடம் என்னும் மேடையைக் கண்டால் வணங்குவதற்கோ வைவதற்கோ முன்னால் மூன்று வினாக்களை எழுப்ப நமக்கு உரிமை உண்டு. கொடுப்பவன் யார்? பெறுபவன் யார்? கொடுக்க மாட்டேன் என்று சொல்ல அவனால் முடியுமா?

இந்த மூன்று வினாக்களோடு நம் ஊர்க் கோயிலுக்குள் செல்வோம். கொடிமரத்தை அடுத்து, தாமரை வடிவில் ஒரு கல்மேடை இருக்கும். அதுதான் பலிபீடம். பரிவாரத் தெய்வங்களுக்கும் திசைக் காவலர்க்கும் அங்கே சோறு இடுவது ஆகம வழக்கு. அதற்கு அழகான தத்துவ விளக்கம் ஒன்றும் சொல்வார்கள். "ஆணவத்தை, ஆசையை, சினத்தை இங்கே பலியிட்டுவிட்டு உள்ளே செல்லுங்கள்" என்பார்கள். நல்ல கருத்து, மறுக்கவில்லை. ஆனால் நடந்தது என்ன? 1947ஆம் ஆண்டுச் சென்னை மாகாண ஆலய நுழைவுச் சட்டம் வரும் வரையில், இந்த நாட்டை உழுதவரும், இந்தக் கல்லைச் சுமந்தவரும் எத்தனையோ பெருங்கோயில்களில் அந்தப் பீடத்தின் அருகில்கூட வர இயலவில்லை. ஆணவத்தை இங்கே வைத்துவிட்டுச் செல் என்றது பீடம். எல்லா ஆணவமும் அங்கே நின்றது. சாதி ஆணவம் மட்டும் பீடத்தைத் தாண்டிக் கருவறை வரை சென்று அமர்ந்துகொண்டது! 1970இல் தமிழகச் சட்டமன்றம் பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கச் சட்டத் திருத்தம் செய்தது. பயிற்சி பெற்ற பல சாதியினரும் அரசின் பணி ஆணையைக் கையில் வாங்கியது 2021 ஆகஸ்டில். இடையே கழிந்தது அரை நூற்றாண்டு. ஓர் ஆணவம் பலிபீடத்துக்கு வந்து சேர இவ்வளவு காலமா?

வேதியர் வேள்விக்கும் பீடம் உண்டு. செங்கற்களை ஐந்து அடுக்காக அடுக்கி, பறவை வடிவில் அக்கினி மேடை எழுப்பும் முறை மிகப் பழையது. அதன் அளவுகளைச் சொல்லும் சுல்ப சூத்திரங்களில் வடிவக் கணக்கின் நுட்பங்கள் உள்ளன. அறிவு எங்கே முளைத்தாலும் அதைப் பாராட்டுவதில் நமக்குத் தயக்கம் வேண்டாம். ஆனால் அதே மேடையின் பக்கத்தில் கட்டப்பட்டிருந்த ஆட்டையும் நாம் பார்த்தாக வேண்டும். அந்த ஆட்டின் சார்பில் முதலில் குரல் கொடுத்தவர்கள் நாமல்லர். நூற்றுக்கணக்கான காளைகளைக் கட்டி வைத்துக்கொண்டு பெருவேள்விக்கு நாள் பார்த்த கூடதந்தன் என்னும் பார்ப்பனருக்கு, குருதி சிந்தாத வேள்வியின் கதையைப் புத்தர் சொன்னதாகப் பாலி நூல் கூறுகிறது. அசோகன் தன் முதற் பாறைக் கல்வெட்டிலேயே உயிர்ப்பலி கூடாது என்று பொறித்தான். ஆயிரம் வேள்வியினும் ஓர் உயிரைக் கொல்லாமை மேல் என்ற கருத்தை வள்ளுவர் புலால் மறுத்தலில் வைத்தார்.

அந்தக் குரல்களின் வெற்றியைக் காண 1975ஆம் ஆண்டுக்கு வாருங்கள். கேரளத்தின் பாஞ்ஞாள் என்ற ஊரில் நம்பூதிரிகள் அந்தப் பறவை வடிவப் பீடத்தைக் கட்டி, பன்னிரண்டு நாள் வேள்வி செய்தனர். மேல்நாட்டு அறிஞர் ஃபிரிட்ஸ் ஸ்டால் அதைப் படம்பிடித்தார். ஆட்டைக் கொல்வதற்கு எதிர்ப்பு எழுந்தது. என்ன செய்தார்கள்? அரிசிமாவைப் பிசைந்து இலையில் பொதிந்து ஆட்டுக்குப் பதிலாக வைத்தார்கள். வேள்வி நிறைவேறியது. வானம் இடிந்து விழவில்லை. அக்கினி அவிந்து போகவில்லை!

இங்கேதான், தோழர்களே, என் மாணவனின் கேள்விக்கு முதல் விடை கிடைக்கிறது. அரிசிமாவே போதுமென்றால் ஆட்டைக் கேட்டது யார்? மாவை ஏற்றுக்கொள்ளும் தெய்வம் ஆயிரம் ஆண்டுகளாக ஆட்டைத்தான் கேட்டது என்று எப்படி நம்புவது? கேட்டது மனிதன், தெய்வத்தின் பெயரால் கேட்டான். எதிர்ப்பு வந்தபோது மாற்றிக் கேட்டான். பீடத்தின் பசி மனிதனின் மனத்தில் இருக்கிறது.

பிற சமயத்தாரிடமும் இதே பாடம் உண்டு. நெடுங்காலம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்து, இன்று சென்னையோடு சேர்ந்துவிட்ட பரங்கிமலைக்குச் செல்லுங்கள். 1547இல் அங்கே கண்டெடுத்த, பாலவி எழுத்துகள் சூழ்ந்த கற்சிலுவை தேவாலயத்தின் பீடத்தில் இருக்கிறது. அந்தப் பீடத்தை நோக்கி, மக்களுக்கு முதுகு காட்டி நின்று பூசை செய்வதுதான் கத்தோலிக்கக் குருமாரின் வழக்கமாக இருந்தது. அதுவும் மக்களுக்கு விளங்காத இலத்தீன் மொழியில். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தை அடுத்து, குருமார் மக்களை நோக்கித் திரும்பினர், தமிழில் பேசினர். சட்டம் வகுத்தவன் மனிதன் என்பதால் அதைத் திருத்தவும் மனிதனால் முடிந்தது. நம் கோயில்களில் தமிழ் வழிபாட்டைக் கேட்டால் மட்டும் தெய்வக் குற்றம் என்பவர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

இனி, நம்மவர் பலருக்கு இடறலாக இருக்கும் ஒரு செய்திக்கு வருகிறேன். நாட்டார் தெய்வங்களின் முன் கிடா வெட்டும் வழக்கம். 1950இல் சென்னை மாகாணம் விலங்கு, பறவைப் பலியைக் கோயில்களில் தடை செய்து சட்டம் இயற்றியது. நீண்ட காலம் ஏட்டிலே உறங்கிய அச்சட்டத்தை 2003இல் தமிழக அரசு தட்டி எழுப்பியது. கடுமையாக நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. நாடெங்கும் எதிர்ப்பு மூண்டது. 2004இல் சட்டமே நீக்கப்பட்டது. அன்று பகுத்தறிவாளர் எந்தப் பக்கம் நின்றிருக்க வேண்டும்?

எளிய விடை இரண்டு உண்டு. பலி மூடநம்பிக்கை, ஆகவே தடை நன்று என்பது ஒன்று. தடை மேட்டுக்குடியின் சூழ்ச்சி, ஆகவே பலி நன்று என்பது மற்றொன்று. இரண்டும் பாதி வழியில் நின்றுவிடுகின்றன. நம் மூன்று வினாக்களையே மீண்டும் கேட்போம். ஐயனார் முன் விழும் கிடாயைக் கொடுத்தவன் ஓர் ஏழை உழவன். பெற்றவர் யார்? அன்று மாலை பந்தியில் அமர்ந்த உற்றார் உறவினர். பக்ரீத் நாளில் இறைச்சியைப் பங்கிட்டு ஏழைக்கும் உறவினர்க்கும் கொடுக்கும் இசுலாமியத் தோழரைப் போல, இவனும் பகிர்ந்து உண்கிறான். உணவு விடுதியில் நாள்தோறும் ஆட்டிறைச்சி உண்டுவிட்டு, ஆண்டுக்கு ஒரு முறை அறுப்பவனை மட்டும் காட்டுமிராண்டி என்பது நேர்மை ஆகாது. அதே நேரத்தில், கிடாயை வெட்டாவிட்டால் குழந்தைக்குக் காய்ச்சல் வருமென்று நடுங்கும் தாயைப் பார்த்து, அது உங்கள் பண்பாடு, வாழ்க என்று சொல்லிவிட்டு நகர்வதும் நேர்மை ஆகாது. அவளுக்குத் தேவை மருத்துவமனையும் மருத்துவ அறிவும். அச்சம் அகன்றால் விருந்து நிற்கும், பலி போகும். பந்தியில் முதற்பங்கு யாருக்கு, எச்சிலை எடுப்பது யார் என்று பாருங்கள். அங்கே வெட்டுப்படுவது ஆடு மட்டுமன்று என்பதும் விளங்கும். சட்டத்தின் தடியைவிட, சமமாய் அமர்ந்து உண்ணும் பந்தி பெரிய சீர்திருத்தம்.

ஆடு பேசாது. அதனால் மறுக்க முடியுமா என்ற மூன்றாம் வினாவுக்கு அங்கே இடமே இல்லை. பேசத் தெரிந்த மனிதன் தன்னையே தருகிறானே, அவனை என்னென்பது? கொற்றவையின் காலடியில் நாம் விட்டுவந்த அந்த வீரனிடம் திரும்புவோம். அவன் சிற்பியின் கற்பனை மட்டும் அல்லன். ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட கம்பவர்மன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இன்றைய ஆந்திரத்து மல்லம் என்ற ஊரில் இருக்கிறது. உடலின் ஒன்பது இடங்களில் தசையை அரிந்து, பிறகு தன் தலையையும் பிடாரிக்குக் கொடுத்த ஒருவனுக்காக நிலம் வழங்கிய செய்தியை அது சொல்கிறது. நவகண்டம் என்று அதற்குப் பெயர். செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியும் காளி கோயிலில் வீரர் தலை கொடுக்கும் காட்சியை விரித்துரைக்கிறது.

அவன் தன் விருப்பப்படியே கொடுத்தான் என்பார்கள். விருப்பம் வானத்திலிருந்து இறங்குவதில்லை. தலை கொடுத்தவனுக்குக் கல் நட்ட ஊரில், அவன் குடும்பத்துக்கு நிலம் அளந்த நாட்டில், அவன் புகழைப் பாட்டாக்கிய புலவர் நடுவில் பிறந்த சிறுவனுக்கு, தலை கொடுப்பதே பெருமை என்ற எண்ணம் தாய்ப்பாலோடு ஊட்டப்பட்டிருக்கும். அவனிடம் எவரும் வாய் திறந்து கேட்டிருக்க வேண்டியதில்லை. ஊரே சேர்ந்து ஓசையின்றிக் கேட்டிருக்கிறது!

இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது. ஏனெனில் அடுத்துச் சொல்ல வேண்டியது நம்மைப் பற்றியது. 1964 சனவரி 25ஆம் நாள் திருச்சியில் கீழப்பழுவூர் சின்னச்சாமி மொழிக்காகத் தம்மையே நெருப்புக்குத் தந்தார். மறு ஆண்டு சனவரியில் கோடம்பாக்கம் சிவலிங்கமும் விருகம்பாக்கம் அரங்கநாதனும் அவ்வழியே சென்றனர். 2011 ஆகஸ்டு 28ஆம் நாள், நம் பக்கத்துக் காஞ்சிபுரத்தில், மூவரின் தூக்கைத் தடுக்க வேண்டி இளம்பெண் செங்கொடி தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர்கள் நெஞ்சின் தூய்மையை ஐயுற எனக்குத் தகுதி இல்லை. அவர்கள் பெயரைச் சொல்லும்போது என் குரல் தழுதழுக்கிறது. ஆயினும் தோழர்களே, ஆண்டுதோறும் நாம் மாலை சூட்டும் மேடையைச் சற்று உற்றுப் பாருங்கள். அது நினைவு மேடையாக நிற்கிறதா? அடுத்த இளைஞனை நோக்கி, "நீ எப்போது?" என்று கேட்கும் பீடமாக நிற்கிறதா?

மொழிப்போரின் வெற்றி எப்படி வந்தது? பல்லாயிரவர் படித்து, பேசி, சிறை சென்று, 1967இல் வாக்குச்சீட்டால் ஆட்சியை மாற்றி, 1968 சனவரியில் இருமொழிக் கொள்கையைச் சட்டமன்றத் தீர்மானமாக்கியதால் வந்தது. மூவரின் உயிர் எப்படிக் காப்பாற்றப்பட்டது? கருணை மனுக்களை ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போட்டது தவறென்று வழக்கறிஞர்கள் வாதாடி, 2014இல் உச்ச நீதிமன்றம் தூக்கை ஆயுள் தண்டனையாகக் குறைத்ததால். 2022இல் அவர்கள் விடுதலையாகி வெளியே வந்தார்கள். வரவேற்கச் செங்கொடி இல்லை. இருந்திருந்தால் இன்னும் எத்தனை வழக்குகளுக்குக் குரல் கொடுத்திருப்பார்! கொற்றவையின் பீடத்தைப் பகுத்தறிவால் இடித்துரைக்கும் நாம், கொள்கையின் பெயரால் இன்னொரு பீடம் எழும்போது வாய்மூடி நின்றால், நம் பகுத்தறிவு பிறர் வீட்டு அழுக்கைக் காட்ட மட்டும் ஏற்றிய விளக்காகிவிடும். இறந்தவர்களைப் போற்றுவோம், இறப்பைப் போற்ற வேண்டாம். கொள்கைக்கு வேண்டியது உங்கள் வாழ்நாள், தோழர்களே. உங்கள் சாம்பல் வேண்டாம்.

அப்படியானால் பீடமே கூடாதா? மனிதன் எதையும் எதன் முன்னும் வைக்கவே கூடாதா? இந்த ஐயத்தோடுதான் இவ்வாண்டு மாசிமகத்தன்று மீண்டும் மாமல்லைக் கடற்கரைக்குச் சென்றேன். அன்றைக்கு இருளர் மக்கள் பல ஊர்களிலிருந்தும் வந்து, மணலில் கூடாரமிட்டு இரவைக் கழிப்பர். விடியற்காலையில் அலையோரத்து ஈரமணலைக் குவித்து, சிறு சிறு படிகளாகக் கட்டி, பூவும் பழமும் தேங்காயும் வைத்துக் கன்னியம்மனை வணங்குவர். பெண் பேசுவதும் திருமணம் முடிப்பதும் குழந்தைக்குக் காது குத்துவதும் அங்கேயே. அவரவர் பீடத்தை அவரவரே கட்டுகின்றனர். குறுக்கே நின்று தட்டேந்த எவரும் இல்லை. கதிரவன் மேலேறுவதற்குள் அலை வந்து பீடத்தைக் கொண்டுபோகிறது.

"பாட்டி, கட்டியதைக் கடல் அழித்துவிட்டதே" என்றேன், அருகில் இருந்த முதியவளிடம்.

"போனா என்ன தம்பி, அடுத்த மாசிக்கு மறுபடியும் கட்டிக்குவோம்" என்று சிரித்தாள்.

சற்று வடக்கே சாளுவன்குப்பத்தில், 2004 திசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் நடந்த அகழாய்வில், மணலுக்கடியில் புதைந்து கிடந்த முருகன் கோயில் வெளிப்பட்டது. கருங்கல் கட்டுமானத்துக்குக் கீழே அதனினும் பழைய செங்கற் கட்டுமானம்! நிலைக்கும் என்று எழுப்பியவையும் மணலுக்குள் போயின. போய்விடும் என்று தெரிந்தே கட்டும் இருளர் பீடம் ஆண்டுதோறும் நிற்கிறது. அங்கே நான் கண்டது கூடி வாழும் ஒரு மக்களின் உறவு. கன்னியம்மன் உண்டா என்று அவர்களோடு வாதாட எனக்கு உரிமை உண்டு, நாளை வாதாடுவேன். ஆனால் அந்தப் பீடம் எவரையும் அச்சுறுத்தவில்லை; எவர் உயிரையும் கேட்கவில்லை; எவரையும் வெளியே நிறுத்தவில்லை.

அந்த இருளர் மக்களை வெளியே நிறுத்தியது யார்? அவர்களைப் பலியாகக் கேட்டது எந்தப் பீடம்? கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அதன் பிறகும் இந்த வட்டாரத்து அரிசி ஆலைகளிலிருந்தும் செங்கற்சூளைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்தியை நாளேடுகளில் மீண்டும் மீண்டும் படித்தோம். சில ஆயிரம் ரூபாய் முன்பணம். அதற்கு ஈடாகத் தந்தையின் உழைப்பு, தாயின் உழைப்பு, பிள்ளையின் பள்ளி. கொடுத்தவன் யார்? இல்லாதவன். பெற்றவன் யார்? இருப்பவன். மறுக்க முடிந்ததா? முடியவில்லை. நம் மூன்று வினாக்களும் ஒன்றுகூடிக் குற்றம் சாட்டும் பலிபீடம் இதுதான். இதற்குக் கொடிமரம் இல்லை, மணி ஓசை இல்லை. அதனால் நம் கண்ணில் படுவதில்லை.

இந்த இருட்டிலும் ஒரு வெளிச்சம் உண்டு. மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில், 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. முன்பு தோலுக்காகப் பாம்பைக் கொன்றவர்கள், இன்று அதைப் பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டிலே விட்டுவிடுகின்றனர். அந்த நஞ்சிலிருந்து உருவாகும் மருந்து நாடெங்கும் பாம்புக்கடி பட்டவர் உயிரைக் காக்கிறது. பாம்பும் சாகவில்லை, மனிதனும் சாகவில்லை, பிடித்தவனுக்குக் கூலியும் கிடைக்கிறது. பாம்புக்குப் பால் வார்த்துப் படையலிட்ட நாட்டில், பாம்பையும் மனிதனையும் ஒருங்கே வாழவைக்கும் வழியைக் கண்டது அறிவு. ஈகைக்கு இலக்கணம் வேண்டுமென்றால் என் மாணவர்களுக்கு இதைக் காட்டுவேன்.

மறுவாரம் வகுப்பில் அந்தச் சிறுவனை எழுப்பி நிறுத்தினேன். "தம்பி, அன்று நீ கேட்டாயே, அந்த வீரனின் தலையைக் கேட்டது யார் என்று? கொற்றவை கேட்கவில்லை. அவனைச் சுற்றி நின்றவர்கள் கேட்டார்கள். வாய் திறக்காமல் கேட்டார்கள். நீ வளர்ந்த பிறகு எவராவது உன்னிடம் உயிரைக் கேட்டால், கடவுளின் பெயரால் கேட்டாலும், கட்சியின் பெயரால் கேட்டாலும், என்னிடம் கேட்ட இதே கேள்வியை அவர்களிடமும் கேள்" என்றேன்.

சிறுவன் சற்று நேரம் எண்ணிப் பார்த்தான். பிறகு கேட்டான்: "சுற்றி நின்றவர்களில் ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லையா, ஐயா?"

தோழர்களே, அந்த ஒருவராக நாம் இருப்போம்.